மாடல் ரயில் லேஅவுட்: பிளைவுட் மேல் ஃபோம் பலகை ஒட்டும் முறை

பிளைவுட் மேல் மரப்பசையில் ஒட்டி மூன்று வாரம் கழித்து ஃபோம் பலகையின் ஒரு மூலையை நெம்பிப் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்திருக்கும். நடுவில் மட்டும் பசை தயிர் மாதிரி வெள்ளையாக இருக்கும், தொட்டால் விரலோடு வரும். பசை நல்ல பசைதான். கதவு, அலமாரி எல்லாம் அதில்தான் ஒட்டுகிறார்கள். ஃபோமுக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு வெளியே போக வழி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எந்தப் பசை வாங்குவது, எப்படித் தடவுவது, எத்தனை நாள் காத்திருப்பது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

இங்கே எடுத்துக்கொள்வது எச்.ஓ. ஸ்கேல் லேஅவுட் (1:87, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு; தண்டவாள அகலம் 16.5 மி.மீ.). எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஒன்றில் அடங்குவது. 18 அங்குல ஆர வளைவோடு ஒரு முழுச் சுற்றுப் பாதை இதில் உட்காரும். என் ஸ்கேல் (1:160) என்றால் இதில் பாதி இடமே தாராளம், ஒட்டும் முறை ஒன்றுதான்.

வெறும் பிளைவுட்டிலேயே தண்டவாளம் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம். ஆனால் மேலே மலை வைக்க முடியுமே தவிர, கீழே ஓடை தோண்ட முடியாது. 50 மி.மீ. ஃபோம் இருந்தால் தண்டவாள மட்டத்துக்குக் கீழே வாய்க்கால், பாலத்தடி, சாலையோரப் பள்ளம் எல்லாம் கத்தியாலேயே செதுக்கிவிடலாம். கனமும் இல்லை: இந்தப் பரப்புக்கு 50 மி.மீ. பலகை சுமார் 5 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் மட்டும் 20 கிலோவைத் தாண்டும்.

எந்த ஃபோம் வாங்குவது

ஃபோம் என்றதும் சோபா பஞ்சை நினைக்க வேண்டாம். வேண்டியது எக்ஸ்.பி.எஸ்., அதாவது எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன். கட்டடங்களில் மொட்டை மாடிக்கும் சுவருக்கும் வெப்பத்தடுப்பாகப் போடுகிறார்களே, அந்தக் கெட்டிப் பலகை. அமெரிக்க லேஅவுட் படங்களில் ஓவன்ஸ் கார்னிங்கின் இளஞ்சிவப்புப் பலகையையும் ஸ்டைரோஃபோம் என்ற பெயரில் விற்ற நீலப் பலகையையும் பார்த்திருப்பீர்கள். நிறம் கம்பெனியின் அடையாளம், தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். ஆனால் அது மணி மணியாக ஊதி, அச்சில் சேர்த்து ஒட்டவைத்தது. வெட்டினால் மணி உதிரும். நிலைமின்சாரத்தில் கை, சட்டை, இன்ஜின் சக்கரம் என்று கண்ட இடத்தில் ஒட்டும். மலைக்கு உள்ளே நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள், தண்டவாளத்துக்கு அடியில் வேண்டாம். எக்ஸ்.பி.எஸ்.ஸில் அறைகள் எல்லாம் மூடிய நுண்ணறைகள். அதனால்தான் அது தண்ணீர் குடிப்பதில்லை, சீராகச் செதுக்க வருகிறது. பசையின் தண்ணீரை உள்ளே வாங்காததும் அதே காரணத்தால்தான்.

அமெரிக்கா, கனடாவில் 8×4 அடி, 8×2 அடி என்று பெரிய பலகையாகவே கிடைக்கும். மற்ற பல நாடுகளில் 1250×600 மி.மீ. அளவுதான் வழக்கம். இந்தச் சின்ன அளவு கிடைத்தால் ஒரு கணக்கு: நாலு பலகைகளை அகலவாக்கில் பக்கம் பக்கமாக அடுக்கினால் நீளம் 2400 மி.மீ. வரும். ஒவ்வொன்றின் நீளத்திலும் 50 மி.மீ. வெட்டிவிட்டால் அகலம் 1200. ஆகவே 2440×1220 பிளைவுட்டையும் கடையிலேயே 2400×1200-ஆக அறுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் 40 மி.மீ. துண்டு வைத்து ஒட்ட வேண்டிவரும். அந்தத் துண்டு கை படும்போதெல்லாம் பெயர்ந்துகொண்டே இருக்கும்.

வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். வெயிலில் கிடந்த பலகையின் மேல்தோல் மாவாகியிருக்கும்: விரலால் தேய்த்தால் பொடி வரும், அந்தப் பொடியின் மேல் எந்தப் பசையும் நிற்காது. சில பலகைகளில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்தே ஆகவேண்டும். கடைசியாக, பலகையை நிமிர்த்தி ஓரமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்திருப்பது சகஜம், பாரம் வைத்துச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்டிருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பசை

முதலில் வாங்கக் கூடாதவை. ரப்பர் அடிப்படையிலான கான்டாக்ட் பசைகள், அதாவது சன்மைக்காவும் ரெக்சினும் ஒட்டப் பயன்படும் மஞ்சள் பசை, ஃபெவிகால் எஸ்.ஆர். வகை. இவற்றில் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. பாலிஸ்டைரீன் அதில் கரைந்துபோகும். தடவிய இடத்தில் சில நிமிடங்களில் குழி விழுந்து, ஃபோம் பாகு மாதிரி சுருங்கிவிடும். சாதாரண ஸ்ப்ரே பசை, ஸ்ப்ரே பெயிண்ட், சைக்கிள் டியூப் சொல்யூஷன், ஃபெவிக்விக் எல்லாம் இதே கதைதான். ஃபோமுக்கு ஆகும் என்று குப்பியிலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. சந்தேகமாக இருந்தால் வெட்டுத்துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

பெரிய குளூ கன்னும் ஆகாது. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகும். அந்தப் பசை 180 டிகிரிக்கு மேல் வரும்.

அடுத்தது மரப்பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.எச். போன்ற வெள்ளைப் பசை. ஃபோமை அரிக்காது, விலை குறைவு, எங்கும் கிடைக்கும். தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். மேலே ஃபோம் உறிஞ்சாது, கீழே பிளைவுட் கொஞ்சம் உறிஞ்சும், மீதி ஓரம் வழியாகப் போகவேண்டும். ஓரத்திலிருந்து நடு 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. மெலிசாகத் தடவி, வெறும் பிளைவுட் மேல், வெயில் காலத்தில் ஒரு வாரம் பாரத்தோடு விட்டால் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் இதைச் செய்தால் இரண்டு வாரம் ஆனாலும் நிச்சயமில்லை. சன்மைக்கா ஒட்டிய பழைய மேஜைப் பலகை, பெயிண்ட் அடித்த பிளைவுட் இவற்றின் மேல் செய்யவே வேண்டாம். அங்கே தண்ணீருக்குக் கீழ்வழியும் அடைபட்டுப்போகிறது.

சிலிகான் சீலண்ட் இதற்கு நேர்மாறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே வாங்கித்தான் இறுகும், அந்த ஈரம் பலகையின் நடுவுக்குப் போய்ச் சேர நாளாகும். போதாக்குறைக்குப் பிதுங்கி வெளியே வந்த சிலிகான் மேல் பெயிண்ட் நிற்காது.

புதியவர்களுக்கு ஏற்றது அக்ரிலிக் சீலண்ட். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கை அடைக்க வரும் டியூப். "பெயிண்ட் அடிக்கலாம்" என்று எழுதியிருப்பது. இதிலும் தண்ணீர் உண்டு, ஆனால் கெட்டியான குழம்பாதலால் மரப்பசையைவிடக் குறைவு; காய்வதற்கு முன்பே ஓரளவு பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி கொஞ்சம் நெளியும். அது பெரிய நன்மை. எக்ஸ்.பி.எஸ். ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 மி.மீ. விரியும். 2.4 மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி ஏறினால் கணக்கு மூன்று மில்லிமீட்டரைத் தாண்டும். பிளைவுட் வெப்பத்துக்கு அவ்வளவு நகராது. மதியம் கொதிக்கும் மாடி அறையில் கெட்டியாக இறுகும் பசை விடுபடுவது இதனால்தான்.

ஃபோம்போர்டு பசை என்றே தனியாக விற்பது கிடைத்தால் இன்னும் நல்லது. வட அமெரிக்காவில் லாக்டைட் பிஎல் 300 அந்த வகை. பாலியூரித்தேன் பசை (கொரில்லா குளூ போன்றது) மிக உறுதியாகப் பிடிக்கும். ஆனால் நுரைத்துப் பல மடங்கு ஊதும், பாரம் குறைந்தால் பலகையையே தூக்கிவிடும். அதை எடுத்தால் பிளைவுட் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, பசையை ஃபோமில் தடவுங்கள்: இறுக ஈரம் வேண்டும், அதை ஃபோம் தராது. கையுறை கட்டாயம், தோலில் பட்டால் சோப்புக்குப் போகாது.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு சோதனை. பத்து செ.மீ. ஃபோம் துண்டை பிளைவுட் துண்டில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிய்த்துப் பாருங்கள். ஃபோம் கிழிந்து அதன் சதை மரத்திலேயே நின்றால் பசை தேறிவிட்டது. சுத்தமாக உரிந்து வந்தால் அந்தப் பசையோ உங்கள் மேற்பரப்போ சரியில்லை.

அளவு

6 மி.மீ. பருமனில் பிழிந்தால் 300 மி.லி. டியூப் ஒன்று சுமார் பத்தரை மீட்டர் ஓடும். 1200×600 பலகை ஒன்றுக்கு, நீளவாக்கில் 10 செ.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதாவது 7.2 மீட்டர், ஏறத்தாழ 200 மி.லி. நாலு பலகைக்கு மூன்று டியூப். மூன்றாவதில் கொஞ்சம் மிஞ்சும், அது பின்னால் தேவைப்படும். மரப்பசை என்றால் மொத்தத்துக்கு ஒரு கிலோ டப்பா போதும். அதற்கு மேல் ஊற்றினால் காயும் நாள்தான் கூடும்.

சட்டமும் பிளைவுட்டும்

3×1 அங்குலக் கட்டைகளை நெட்டக்குத்தாக நிறுத்தி, 2400×1200 சட்டம். குறுக்குக் கட்டை 40 செ.மீ.க்கு ஒன்று, இரு முனைகளும் சேர்த்து ஏழு. இந்த இடைவெளியில் 6 மி.மீ. பிளைவுட்டே போதும், ஏனென்றால் ஃபோம் முழுப்பரப்பும் ஒட்டியபின் இரண்டும் சேர்ந்து விறைப்பாகிவிடும். குறுக்குக் கட்டை 60 செ.மீ. இடைவெளி என்றால் 12 மி.மீ. எடுங்கள்.

பிளைவுட்டை சட்டத்தில் 20 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ என்று மேலிருந்து முடுக்குங்கள், தலை மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூத் தலை போதும், சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு ஃபோம் ஒட்டாமல் நிற்க. ஃபோம் ஒட்டியபிறகு இந்த ஸ்க்ரூக்களை எட்ட முடியாது என்பதால் ஆட்டம், கிரீச்சொலி எல்லாவற்றையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். ரசமட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டத்திலும் வைத்துப் பாருங்கள்.

பிளைவுட்டின் மேல்முகத்துக்குப் பிரைமர் வேண்டாம். தண்ணீருக்குக் கீழ்வழி அதுதான். அடிமுகத்துக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அவசியம், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பலகை கிண்ணம் மாதிரி வளையும். ஆனால் அதைப் பசை காய்ந்த பிறகே அடியுங்கள். குறுக்குக் கட்டைகள் எங்கே வருகின்றன என்று சட்டத்தின் வெளிப்பக்கத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். எதற்கு என்பது துளை போடும்போது தெரியும்.

ஒட்டுவது

வேலையைத் தரையில் வைத்துச் செய்யுங்கள், கால் மாட்டிய மேஜையின் மேல் வேண்டாம். வைக்கப்போகும் பாரத்தைத் தரை தாங்கும். தரை சமமில்லை என்றால் சட்டத்தடியில் அட்டை செருகிச் சமப்படுத்துங்கள். இப்போது வளைந்தது வளைந்தபடியே இறுகிவிடும்.

நாலு பலகைகளையும் பசையில்லாமல் அடுக்கி, இடுக்குகள் சரியா என்று பார்த்து, 1, 2, 3, 4 என்று எண் போட்டு, எந்தப் பக்கம் மேல் என்றும் குறியுங்கள். வளைந்த பலகையைக் கவிழ்த்த தட்டு மாதிரி, மேடு மேலே இருக்கும்படி வையுங்கள். நடுவை ஒரு பாரத்தால் அமுக்கிவிடலாம், நாலு மூலையையும் அமுக்கிப் பிடிப்பது கடினம். பிறகு ஒட்டும் முகத்தை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, தூசியைத் தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். தின்னர் கிட்டேயே வரக் கூடாது.

மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் சீலண்டின் மேல் பத்து நிமிடத்தில் ஏடு படர்ந்துவிடும், ஏடு படர்ந்த பசை மறுபக்கத்தில் ஒட்டாது. ஒரு சமயத்தில் ஒரு பலகைக்கு மட்டுமே பசை.

கோடுகளை பிளைவுட் மேல், 1200 மி.மீ. வாக்கில் இழுங்கள். முதல் கோடும் கடைசிக் கோடும் பலகை ஓரத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே. பல் வெட்டிய பட்டி பிளேடால் அதே திசையில் பரப்புங்கள். பிளேடு கிடைக்காவிட்டால் பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவில் கத்தரித்தால் அதே வேலை நடக்கும். பரப்பி முடிந்ததும் உழுத வயல் மாதிரி வரி வரியாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராகத் தெரியவேண்டும். அந்த வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளம் வழியாகத்தான் காற்றும் ஈரமும் வெளியேறும். பலகையைச் சுற்றி ஓரமாக ஒரு கோடு போட்டு மூடுவது நிறையப் பேருக்குப் பழக்கம், பார்க்க உறுதியாகவும் தோன்றும். கதவைச் சாத்திவிட்டு உள்ளே துணி காயப்போடுவதற்கு அது சமம். வட்டம் வட்டமாகச் சுழற்றிப் பிழிவதும் அப்படித்தான்.

பலகையின் ஒரு நீள ஓரத்தைக் குறியில் வைத்து, புத்தகத்தை மூடுவதுபோல மெல்ல இறக்குங்கள். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, ஒரு செ.மீ. அளவுக்கு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முதலில் வழுக்கும், பிறகு சட்டென்று கனத்துப் பிடிக்கும். முதல் பலகையை மட்டும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்: அடிமுகத்தில் முக்கால்வாசிக்கு மேல் பசை பட்டிருந்தால் அளவு சரி. நடுவே வெறும் திட்டு தெரிந்தால் அந்த இடத்தில் கூட ஒரு கோடு போட்டு மறுபடி இறக்குங்கள்.

அடுத்த பலகையை முந்தையதோடு நெருக்கி வைத்து, இடுக்கின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் இடறினால் படி இருக்கிறது என்று பொருள். அரை மில்லிமீட்டர் என்றால் பிறகு கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். அதற்கு மேல் என்றால் தூக்கி அடியில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் ஃபோம் துணுக்காகத்தான் இருக்கும். இடுக்குக்குள் மரப்பசை விடாதீர்கள். அது ஃபோமைவிடக் கெட்டியாகக் காயும். தேய்க்கும்போது இருபக்க ஃபோமும் குறைந்து பசை மட்டும் வரப்பு மாதிரி நிற்கும்.

பாரம்

இருபது லிட்டர் தண்ணீர் கேன் இதற்கென்றே செய்ததுபோல. நேராக ஃபோமில் வைத்தால் அடி வட்டம் பதியலாம், ஆகவே மேலே இன்னொரு பலகையோ பழைய பிளைவுட்டோ போட்டு அதன்மேல் வையுங்கள். ஒரு ஃபோம் பலகைக்கு நடுவில் ஒரு கேன், நாலு மூலையிலும் புத்தகக் கட்டு, பெயிண்ட் டப்பா என்று 30 கிலோ இருந்தால் போதும். கால்மணி நேரம் கழித்து ஓரங்களைச் சுற்றிப் பாருங்கள். ஏதாவது மூலை தூக்கியிருந்தால் அகலமான வாஷர் போட்ட ஸ்க்ரூ ஒன்றை மேலிருந்து பிளைவுட்வரை முடுக்கி இழுத்துப் பிடியுங்கள், காய்ந்ததும் கழற்றிவிடலாம். ஸ்க்ரூவுக்கு ஃபோமில் பிடிப்பே கிடையாது, பிடிப்பது கீழேயுள்ள மரம்தான்.

அக்ரிலிக் சீலண்டுக்கு இரண்டு நாள் பாரம், அதன்பின் இரண்டு நாள் சும்மா விடுதல். குளிர்நாட்டு கராஜில் 10 டிகிரிக்குக் கீழே போனால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். இடையில் மூலையைத் தூக்கி "காய்ந்துவிட்டதா" என்று பார்க்க ஆசை வரும். சோதனைத் துண்டு எதற்கு இருக்கிறது? அதே நாளில் ஒரு துண்டு ஒட்டி வைத்து, அதைப் பிய்த்துப் பாருங்கள். அது சின்னதாகையால் சீக்கிரம் காயும், அது காய்ந்ததற்கு மேல் பலகைக்கு இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு

விரல் முட்டியால் முழுப்பரப்பையும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டிய இடம் மந்தமாகச் சத்தம் தரும். ஒட்டாத இடம் உறுமி மேளம் மாதிரி அதிரும். அதன் மேல் ரயில் ஓடினால் மோட்டார் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும். உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தால் விடாதீர்கள்: மேலிருந்து ஃபோமில் 5 மி.மீ. துளை இரண்டு போட்டு, ஒன்றின் வழியாக, ஊசி கழற்றிய மருந்து சிரிஞ்சால் மிஞ்சிய சீலண்டைச் செலுத்துங்கள். இன்னொன்று காற்று வெளியேற. மறுபடி பாரம், மறுபடி இரண்டு நாள்.

ஒரு பலகையே கோணலாக ஒட்டிவிட்டால் நெம்பி எடுத்துப் பிளைவுட்டைக் கெடுக்க வேண்டாம். தடித்த நைலான் தூண்டில் நூலின் இருமுனைகளிலும் குச்சி கட்டி, இடுக்கில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல மாற்றி மாற்றி இழுத்தால் பசையை அறுத்துக்கொண்டு போகும்.

இடுக்குகளையும் வெளி ஓரத்தையும் சீலண்டோ சுவர்ப் பட்டியோ வைத்து இப்போது மூடலாம், ஈரம் போய்விட்டது. மேலே மண்நிற எமல்ஷன் ஒரு கோட்டு. இளஞ்சிவப்பு எட்டிப்பார்ப்பதை அது மறைக்கும், ஃபோம் தூசியையும் அடக்கும். பாலிஸ்டைரீன் எரியக்கூடியது என்பதால் திறந்த ஃபோமை எங்கும் விட்டுவைக்காதீர்கள்.

வயர் துளைகளுக்கு, சட்டத்தில் பென்சிலால் குறித்ததை நூல் பிடித்து மேலே கொண்டுவந்து, குறுக்குக் கட்டை வரும் இடங்களைத் தவிர்த்துவிட்டு, 6 மி.மீ. நீளமான பிட்டால் மேலிருந்து துளையுங்கள். ஃபோமைத் தாண்டி மரத்தைத் தொடும்வரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள், வேகமாகப் போனால் பிட் ஃபோமைக் கவ்விப் பிய்த்துவிடும். துளைக்குள் பழைய பால்பாயின்ட் பேனாவின் வெற்றுக் குழாயைச் செருகினால் வயர் தடங்காமல் இறங்கும். தண்டவாளத்துக்கு வயர் பற்றவைப்பதை, தண்டவாளத்தை ஃபோமில் படுக்கவைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சால்டரிங் அயர்னின் சூடு ஸ்லீப்பர் வழியாக இறங்கி அடியில் குழி பறித்துவிடும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, இன்ஜின் போகும்போதுதான் தண்டவாளம் அமுங்கும். பாயின்ட் மோட்டாரை (பாதை பிரியும் இடத்தில் தண்டவாளத்தை நகர்த்தும் மோட்டார்) அடியில் மாட்டுபவர்கள் ஃபோமும் பிளைவுட்டும் சேர்ந்து 56 அல்லது 62 மி.மீ. தடிமன் வருவதைக் கணக்கில் எடுக்கவேண்டும். மோட்டாரோடு வரும் மெல்லிய கம்பி இவ்வளவு நீளத்துக்கு எட்டாது, எட்டினாலும் வளைந்துகொடுக்கும். 1 மி.மீ. எஃகுக் கம்பியாக, இன்னும் நீளமாக வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.